ஜப்பானிய வாள்: துரு சொல்லும் சாட்சி

ஜப்பானிய வாள் என்றவுடன் நம்மில் பலரது மனக்கண் முன் தோன்றுவது ஏதோவொரு திரைப்படக் காட்சிதான். காற்றில் மிதந்து வரும் பட்டுத்துணி இரண்டாகிறது. துப்பாக்கிக் குழாய் துண்டாகிறது. ஆயிரம் தடவை மடித்து அடித்த உருக்கு என்று யாரோ விளக்கம் சொல்கிறார். வாசகர்களே, இவற்றை ஒரு பக்கம் வைத்துவிடுவோம். பழைய வாளொன்று அதனை அறிந்த ஒருவரின் கைக்குக் கிடைத்தால் அவர் எதையும் வெட்டிப் பார்ப்பதில்லை. அலகின் வளைவையும் உருக்கின் நிறத்தையும் வெளிச்சத்திலே பிடித்து நோக்குவார். பின்னர் கைப்பிடியிலுள்ள சிறிய மூங்கில் ஆணியைத் தட்டி எடுத்து, பிடியைக் கழற்றி, அதற்குள் மறைந்திருக்கும் துருப்பிடித்த அடித்தண்டை நெடுநேரம் பார்த்துக் கொண்டிருப்பார்.

அலகின் தொடர்ச்சியாகப் பிடிக்குள் செருகப்பட்டிருக்கும் இந்த அடித்தண்டை ஜப்பானியர் 'நகாகோ' என்பர். வாளின் ஏனைய பகுதி முழுவதும் கண்ணாடிபோல் தீட்டப்பட்டிருக்க, இதனை மட்டும் எவரும் தீட்டுவதில்லை. எண்ணெய்த் துணியால் அழுத்தித் தேய்ப்பதுகூட இல்லை. ஏனெனில் வாளின் பிறப்புச் சான்றிதழ் இங்கேதான் இருக்கிறது. கொல்லர் தமது பெயரையும், சில வேளைகளில் ஊரையும் ஆண்டையும் சிற்றுளியால் பொறிப்பது இதிலேதான். அவர் அரம் பிடித்த கோடுகள் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கின்றன, தண்டின் முனை எவ்வாறு முடிகிறது, துரு செந்நிறமா கருநிறமா, பொறிப்பின் பள்ளத்துக்குள்ளும் அதே துருதான் படிந்திருக்கிறதா என்பவையெல்லாம் சேர்ந்துதான் ஒரு வாளின் வயதையும் வழியையும் சொல்கின்றன. எழுநூறு ஆண்டுத் துருவைப் போலியாக உண்டாக்குவது எளிதல்ல. பெயரைப் போலியாக வெட்டுவதோ மிக எளிது. இப்பொறிப்புக்கு ஜப்பானிய மொழியில் வழங்கும் சொல் 'மெய்' என்பதாகும். புகழ்பெற்ற கொல்லர்களின் பெயர் தாங்கிய 'மெய்'களில் பல பொய் என்பது தமிழ் வாசகருக்குச் சற்று வேடிக்கையாகத்தான் இருக்கும்!

துருவுக்கு ஏன் இவ்வளவு மரியாதை என்பதைப் புரிந்துகொள்ள, இந்த வாள் எங்கிருந்து புறப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

மணலிலிருந்து உருக்கு

ஜப்பானின் மேற்கே ஷிமானே மாகாணத்தின் மலைகளில், சிதைந்த கருங்கற் பாறைகளிலிருந்து கழுவி எடுக்கப்படும் கறுப்பு மணல் ஒன்றுண்டு. அது இரும்பு மணல். அதனை உருக்கும் உலைக்குத் 'தத்தாரா' என்று பெயர். களிமண்ணால் தொட்டிபோல் கட்டப்படும் இவ்வுலையில் மரக்கரியையும் மணலையும் மாறி மாறி இட்டு, துருத்திக் காற்றைச் செலுத்தி, மூன்று பகலும் மூன்று இரவும் எரிய விடுவார்கள். தலைமைக் கொல்லர் சுவாலையின் நிறத்தைப் பார்த்தே உள்ளே நடப்பதை அறிகிறார். ஏறத்தாழ 10 தொன் மணலையும் 12 தொன் கரியையும் விழுங்கும் உலை, இறுதியில் சுமார் இரண்டரைத் தொன் எடையுள்ள பாளம் ஒன்றைத் தருகிறது. பாளத்தை எடுப்பதற்கு உலையையே உடைத்தாக வேண்டும். அடுத்த தடவைக்குப் புதிய உலைதான். அப்பாளத்தில் வாளுக்கு உகந்த 'தமஹகனே' என்னும் நல்ல உருக்கு பாதிக்கும் குறைவே தேறும்.

அந்த நல்ல உருக்கும் ஒரே சீரானதன்று. ஒரு துண்டில் கரிச்சத்துக் கூடுதலாகவும் மற்றதில் குறைவாகவும் இருக்கும், கசடும் கலந்திருக்கும். கொல்லர் அதனைத் தட்டையாக அடித்து, உடைத்து, உடைந்த முகத்தைப் பார்த்துத் துண்டுகளைத் தரம் பிரிக்கிறார். பின்னர் அடுக்கி, வைக்கோற் சாம்பலும் களிமண் குழம்பும் பூசி, காய்ச்சி ஒட்ட வைத்து, நீட்டி, வெட்டி, மடித்து, மீண்டும் அடிக்கிறார். மடிப்பது பத்துப் பதினைந்து தடவைகள்தான், ஆயிரம் அல்ல. ஒவ்வொரு மடிப்பிலும் படைகள் இரட்டிப்பதனால் 15 மடிப்பில் 32,768 படைகள் உண்டாகிவிடுகின்றன. அதற்கு மேலும் மடித்தால் கரிச்சத்து எரிந்து போய் உருக்கு வெறும் இரும்பாகிவிடும். ஆக, மடித்தல் என்பது மந்திரமல்ல. சீரற்ற பொருளொன்றைச் சீராக்கும் வழி அது. கையில் கிடைத்த மூலப்பொருளின் குறையை உழைப்பினால் ஈடுசெய்தார்கள் என்பதே என் கணிப்பில் இக்கலையின் பெருமை. பாராட்டுவோரோ பெரும்பாலும் இதனைத் தலைகீழாக்கி, ஜப்பானிய உருக்கே உலகில் உயர்ந்தது என்று எழுதிவிடுகின்றனர்.

உருக்கைப் பொறுத்தவரை வேறு தேசங்களுக்கு வேறு வழிகள் இருந்தன. ஒன்பதாம் நூற்றாண்டில் அப்பாஸிய கலீபா அல் முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றித் தனி நூல் எழுதிய அறிஞர் அல் கிந்தி, உருக்குகளை வகைப்படுத்தும்போது ஸரன்தீப், அதாவது நமது இலங்கையின் உருக்கையும் குறிப்பிடுகிறார். நம் பகுதியிலும் தென்னிந்தியாவிலும் மூசையில் உருக்கி எடுத்த உருக்கு அது. ஜப்பானுக்கும் வெளிநாட்டு இரும்பு போகாமலில்லை. தொகுகாவா இயேயாசுவுக்காக வாள் செய்த எச்சிசென் யசுத்சுகு என்ற கொல்லர், பதினேழாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில், 'நன்பான் இரும்பு' எனப்பட்ட அந்நிய இரும்பைக் கலந்து செய்தேன் என்று தமது அடித்தண்டுகளிலேயே பொறித்து வைத்தார். கப்பலில் வந்த அந்த இரும்பில் தெற்காசிய உருக்கும் இருந்திருக்கலாம் எனக் கருதும் ஆய்வாளர்கள் உண்டு. வெளிநாட்டுச் சரக்கை மறைக்காமல் பெருமையாகப் பொறித்த அந்த மனிதரை எனக்குப் பிடித்திருக்கிறது.

சரி, உலைக்களத்துக்குத் திரும்புவோம். கடினமான உருக்கு கூராக இருக்கும். ஆனால் எளிதில் நொறுங்கும். மென்மையானது நொறுங்காது, ஆனால் கூர் நிற்காது. ஆகவே பெரும்பாலான கொல்லர் மென்மையான இரும்பை உள்ளே வைத்து, மடித்து அடித்த கடின உருக்கினால் அதனைப் போர்த்துகின்றனர். அதன் பிறகுதான் தீர்மானமான கட்டம் வருகிறது. அலகு முழுவதிலும் களிமண் கலவை பூசப்படுகிறது: முதுகுப் பக்கம் தடிப்பாகவும் கூர்ப்பக்கம் மெல்லியதாகவும். பட்டறையை இருளாக்கிக்கொண்டு, உருக்கின் சிவப்பு நிறத்தை மட்டுமே பார்த்து, ஏறத்தாழ 750 முதல் 800 பாகை செல்சியஸ் வரை காய்ச்சி, ஒரே வீச்சில் தண்ணீரில் இறக்குவார்கள். மெல்லிய பூச்சுள்ள விளிம்பு கணத்தில் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. தடித்த பூச்சுள்ள முதுகு மெதுவாகக் குளிர்ந்து மென்மையாக நிற்கிறது. இரு பகுதிகளும் வெவ்வேறு அளவில் பருமன் மாறுவதனால் வாள் தண்ணீருக்குள்ளேயே முதுகுப் பக்கம் வளைகிறது. அந்த அழகிய வளைவின் பெரும்பகுதி தண்ணீரில் பிறந்தது. கடினமும் மென்மையும் சந்திக்கும் எல்லை அலகு நெடுகிலும் வெண்பனிபோல் ஒரு கோடாகத் தெரியும். 'ஹமோன்' என்று இதற்குப் பெயர். சிலர் அதனை நேராக விடுவர், சிலர் அலையலையாக விடுவர். கொல்லரை அடையாளம் காண இதுவே இரண்டாவது கையெழுத்தாகும். தண்ணீரில் இறக்கும்போது விரிசல் விழுந்துவிட்டால் அதுவரை உழைத்த வாரங்கள் எல்லாம் வீண். விரிசல் விழுவது அபூர்வமுமல்ல.

ஒருவர் கையில் முடிவதில்லை

வாளைச் செய்தவர் கொல்லர் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் கொல்லரின் கையிலிருந்து வெளிவரும்போது அதன் அழகு எவருக்கும் தெரியாது. அதை வெளிக்கொணர்பவர் தீட்டுபவர். அவர் தாழ்ந்த மணையில் அமர்ந்து, சாணைக்கல்லைக் காலால் மிதித்த கட்டையினால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, தண்ணீர் விட்டு வாளைத் தேய்க்கிறார். சொரசொரப்பான கல்லில் தொடங்கி வரவர மென்மையான கற்களுக்குப் போவார். கடைசியில் பயன்படும் கல் நகத்தின் அளவு மெல்லிய சீவல். காகிதம் ஒட்டிய அந்தச் சீவலைப் பெருவிரலின் கீழ் வைத்து அலகை அங்குலம் அங்குலமாக வருடுகிறார். ஒரு வாளுக்கு வாரக்கணக்கில் ஆகும். ஒவ்வொரு முறை தீட்டும்போதும் சிறிதளவு உருக்குத் தேய்ந்து போகிறது, போனது திரும்பாது. பல தடவை தீட்டப்பட்ட பழைய வாள்களில் வெளிப்போர்வை தேய்ந்து உள்ளேயுள்ள மென்மையான இரும்பு தலைகாட்டுவதைக் காணலாம். ஆகவே நல்ல தீட்டுபவரின் திறமை எவ்வளவு குறைவாக எடுக்கிறார் என்பதிலும் இருக்கிறது. இத்தொழிலிலும் வாள்களை மதிப்பிடுவதிலும் ஹொனாமி குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகப் புகழ்பெற்றவர்கள். 1719இல் எட்டாவது தொகுகாவா ஷோகன் யோஷிமுனேக்காக நாட்டின் பெயர்பெற்ற வாள்களின் பட்டியலைத் தொகுத்துக் கொடுத்தவர்களும் அவர்களே.

உறை செய்பவர் வேறொருவர். மக்னோலியா இனத்தைச் சேர்ந்த 'ஹோ' மரத்தை இரண்டாகப் பிளந்து, உள்ளே குடைந்து, இரு பாதிகளையும் ஒட்டுகிறார். எதனால் ஒட்டுகிறார் தெரியுமா? சோற்றுப் பசையால்! வலிமையான பசை கிடைக்காமலல்ல. நாளை உள்ளே துரு பிடித்தால், இன்னொருவர் உறையை உடைக்காமல் பிரித்துத் துப்புரவு செய்ய வேண்டுமல்லவா? தனக்குப் பின் வருபவருக்காகப் பலவீனமான பசையைத் தெரிந்தெடுக்கும் இந்தப் பழக்கம் என்னை மிகவும் கவர்ந்த ஒன்று.

கைப்பிடியும் அப்படித்தான். மரப்பிடியின் மேல் திருக்கை மீன் தோல் போர்த்தப்படும். அதன் மணிமணியான சொரசொரப்பு மேலே சுற்றும் பட்டு நாடாவை வழுக்க விடாது. நாடா குறுக்கும் மறுக்குமாகச் சாய்சதுர இடைவெளி விட்டுச் சுற்றப்படும். குறுக்கிடும் இடங்களின் கீழ் சின்னஞ்சிறு காகித மடிப்புகளை வைத்து உயரத்தைச் சமன் செய்வார்கள். இதற்குரிய நல்ல தோல் தென்கிழக்காசியக் கடல்களிலிருந்து கப்பலில் வந்தது. நாடு அந்நியருக்குக் கதவடைத்திருந்த காலத்திலும் நாகசாகியில் ஒல்லாந்தரும் சீனரும் வியாபாரம் செய்ய அனுமதிக்கப்பட்டிருந்தனர்.

இனி உலோகப் பொருத்துகள். அலகுக்கும் பிடிக்கும் நடுவேயுள்ள கைக்காப்புத் தகடு 'சுபா'. பிடியின் இரு முனைகளுக்கும் இரு மூடிகள். நாடாவுக்குள் பாதி மறைந்திருக்கும் சிறு உருவங்கள். உறையின் பக்கத்தில் செருகும் சிறு கத்தியின் பிடி. இவ்வளவும் உள்ளங்கையில் அடங்கிவிடும். ஆனால் இவற்றுக்கென்றே தனிக் குடும்பங்களும் தனிப் பரம்பரைகளும் இருந்தன. சுபா பொதுவாக 7, 8 சென்ரிமீற்றர் அகலமே. அந்த வட்டத்துக்குள் மழையில் நனையும் நாரையையும், பனியில் வளைந்த மூங்கிலையும், இரவில் படகு வலிப்பவனையும் பொறித்திருக்கிறார்கள்.

இப்பொருத்துகளில் என்னை வியக்க வைத்தது அவற்றின் நிறம். வர்ணம் எதுவும் பூசப்படுவதில்லை. செம்பில் 3 முதல் 5 வீதம் தங்கம் கலந்த உலோகம் 'ஷகுடோ' எனப்படும். வார்த்தெடுக்கும்போது அது வெறும் செம்பாகத்தான் தெரியும். அதனைத் துப்புரவாக்கி, துருவிய முள்ளங்கிச் சாற்றில் தோய்த்து, செப்புக் களிம்பு உப்புகள் கரைந்த நீரில் கொதிக்க வைத்தால், அண்டங்காக்கையின் சிறகுபோல் நீலம் கலந்த கருமை பிறக்கிறது. செம்பும் வெள்ளியும் சேர்ந்த 'ஷிபுயிச்சி' அதே நீரில் சாம்பல் நிறம் கொள்கிறது. 'நாலில் ஒன்று' என்பது அப்பெயரின் பொருள். வெள்ளியின் பங்கைக் குறிக்கிறது. தங்கம் தங்கமாகவே நிற்கிறது. ஆகப் பல உலோகங்களைப் பதித்த ஒரே தகட்டை ஒரே பாத்திரத்தில் இட்டு எடுத்தால் கறுப்பும் சாம்பலும் செம்மையும் பொன்னுமாக ஓவியம் எழுந்து நிற்கும். நிறம் மேற்பரப்பின் மெல்லிய படையில் மட்டுமே இருக்கிறது. பித்தளை மினுக்கும் மருந்தைத் தடவி ஒரு துணியால் தேய்த்தால் போதும். முந்நூறு வருடக் கருமை போய் இளஞ்சிவப்புச் செம்பு பல்லிளிக்கும். இரும்பு சுபாவும் அவ்வாறே. அதன் சாக்லேட் நிறத் துரு பழுதல்ல, கலைஞன் வேண்டுமென்றே வளர்த்தெடுத்தது.

ஷகுடோ வேலையில் தலைசிறந்தவர்கள் கோத்தோ குடும்பத்தார். 1440இல் பிறந்த கோத்தோ யூஜோவில் தொடங்கிப் பதினேழு தலைமுறை இத்தொழிலைச் செய்தார்கள். 'ஓபான்' என்ற பெரிய பொற்காசைத் தயாரிக்கும் பொறுப்பும் இக்குடும்பத்திடமே இருந்தது. இவர்களது பொருத்துகளின் பின்புலம் மீன் முட்டைகளைப் பரப்பியதுபோல் இருக்கும். கிண்ண முனையுள்ள ஊசியுளியை வைத்து ஒவ்வொரு மணிக்கும் ஒரு தட்டு வீதம் அடித்துச் செல்ல வேண்டும். வரிசை கோணினால் அழிக்க முடியாது.

இரண்டு கட்டளைகள்

இத்தனை கைகளையும் வாழ வைத்தது ஒரே ஒரு வழக்கம்: சாமுராய் வகுப்பினர் இடுப்பில் வாள் அணிந்தனர். 1876 மார்ச் 28ஆம் திகதி மெய்ஜி அரசாங்கம், இராணுவத்தினர், பொலிஸார், சம்பிரதாய உடை அணிந்த அதிகாரிகள் தவிர எவரும் வெளியே வாள் அணியக்கூடாதெனத் தடை விதித்தது. நாட்டின் அமைதிக்கு அது அவசியமாகவும் இருந்திருக்கலாம். ஆனால் கொல்லர், தீட்டுபவர், உறை செய்பவர், நாடா சுற்றுபவர், தகடு செதுக்குபவர் எல்லோரதும் அடுப்பு ஒரே காலத்தில் அணைந்தது. பல கொல்லர்கள் சமையற் கத்திக்கும் மண்வெட்டிக்கும் மாறினர். முற்காலத்தில் வாளுக்குப் பெயர்போன செக்கி நகரம் இன்று கத்திகளுக்குப் பெயர்போனது.

தகடு செதுக்கியோருள் சிலர் தப்பிப் பிழைத்தனர். அவர்களில் கானோ நட்சுவோ (1828–1898) குறிப்பிடத்தக்கவர். 1871இல் ஒசாகாவில் புதிய நாணயசாலை திறக்கப்பட்டது. அதற்கான அச்சுகளை இங்கிலாந்தில் செய்விப்பதென்றே முதலில் எண்ணியிருந்தனர். நட்சுவோவின் மாதிரிகளைப் பார்த்த பிறகு அந்த வேலை அவரிடமே ஒப்படைக்கப்பட்டது. வாளின் சுபாவில் செதுக்கிய அதே உளி நாட்டின் காசில் பறவைநாகத்தைச் செதுக்கிற்று. பின்னர் டோக்கியோ நுண்கலைக் கல்லூரியில் பேராசிரியராகவும் அமர்ந்தார். ஏனையோர் பூச்சாடிகளும் தூபப் பாத்திரங்களும் செய்து ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் அனுப்பினர். இதற்கிடையில் தேவையற்றுப் போன வாள்களிலிருந்து பொருத்துகள் கழற்றப்பட்டுத் தனித்தனியாக விற்பனையாயின. பொஸ்டனிலும் லண்டனிலுமுள்ள நூதனசாலைகளில் சுபாக்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. அவற்றுட் பல எந்த அலகின் மேல் இருந்தன, எந்தப் பிடியோடு சேர்ந்தவை என்பதை இனி எவரும் சொல்ல முடியாது.

இரண்டாவது கட்டளை 1945இல் வந்தது. போரில் தோற்ற ஜப்பானில் நேசநாட்டுப் படை எல்லா ஆயுதங்களையும் ஒப்படைக்கப் பணித்தது. அந்தக் கட்டளைக்குக் காரணம் இல்லாமலில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிய அதிகாரிகள் கைதிகளின் தலையை வாளால் வெட்டியது வரலாறு. அதற்கு முந்திய காலத்திலும், தண்டிக்கப்பட்டவர்களின் உடல்களில் வெட்டிப் பார்த்து, 'இத்தனை உடல்' என்று அடித்தண்டில் பொன்னெழுத்தில் பொறித்த வாள்கள் இருக்கின்றன. யமதா அசயேமோன் குடும்பத்தினர் இதனையே தொழிலாகக் கொண்டிருந்தார்கள். வேலைப்பாட்டைப் புகழும் கட்டுரைகள் இதனைத் தவிர்த்து விடுகின்றன. தவிர்ப்பது சரியல்ல என்பது என் அபிப்பிராயம். துருவோடு இதுவும் அதே தண்டில்தான் எழுதியிருக்கிறது.

வாள்கள் மலைமலையாகக் குவிந்தன, பல அழிக்கப்பட்டன, பலவற்றைப் படையினர் நினைவுப் பொருளாகக் கொண்டு சென்றனர். ஹொன்மா ஜுன்ஜி முதலான அறிஞர்கள் படை அதிகாரிகளைச் சந்தித்து, கலைப் பெறுமதி வாய்ந்த வாள்களுக்கு விலக்குப் பெற்றனர். டோக்கியோவின் அகாபானே களஞ்சியத்தில் எஞ்சிய ஆயிரக்கணக்கான வாள்கள் நீண்ட காலம் பாதுகாப்பில் வைக்கப்பட்டு, 1995இல் இயற்றப்பட்ட சட்டமொன்றின் பின்னரே நாடெங்குமுள்ள நூதனசாலைகளுக்குப் பகிரப்பட்டன. 1948இல் கலை வாள்களைப் பாதுகாக்கும் சங்கம் தோன்றியது. புதிதாக வாள் செய்ய 1953இல் அனுமதி கிடைத்தது. ஆனால் உருக்கு? போர் முடிந்ததோடு அணைந்த தத்தாராவை அச்சங்கம் 1977இல் ஷிமானேயின் ஒக்குயிசுமோவில் மீண்டும் ஏற்றியது. அதன்பின் குளிர்காலங்களில் அங்கே உலை எரிகிறது. தமஹகனே அங்கிருந்தே கொல்லர்களுக்குப் போகிறது.

இன்று வாள் கொல்லராக விரும்பும் ஒருவர் ஐந்து வருடம் ஆசான் ஒருவரிடம் பயின்று, அரசாங்கத்தின் எட்டு நாட் பரீட்சையில் தேற வேண்டும். ஐந்து வருடத்தையும் பெரும்பாலோர் சம்பளமின்றியே கழிக்கின்றனர். முதல் வருடங்களில் கரி வெட்டுவதே பெரும் வேலை. வகுப்பறையில் அவசரப்படும் மாணவரைத் தினமும் பார்க்கும் என்போன்ற ஆசிரியருக்கு இது சற்றுப் பொறாமையூட்டும் செய்தி! அனுமதி பெற்ற பின்னரும் மாதத்துக்கு இரண்டு நெடுவாள்களுக்கு மேல் செய்ய இயலாது. தொகைக்காக அவசரப்பட்டுத் தரம் தாழக்கூடாதென்பதற்காக.

பழையவற்றின் மீது மக்களுக்குள்ள பற்றும் அற்றுப்போகவில்லை. ஒசாஃபுனே என்ற புராதன வாள் கிராமத்தைத் தன்னகத்தே கொண்ட செட்டோஉச்சி ஒரு சிறிய நகரம். 'யமத்தோரிகே' என்னும் பதின்மூன்றாம் நூற்றாண்டு வாளைத் தன் மண்ணுக்கு மீட்பதற்காக அந்நகரம் பொதுமக்களிடம் நிதி திரட்டி, 2020இல் 50 கோடி யென்னுக்கு அதனை வாங்கியது. அந்த வாளில் கொல்லரின் பெயரே இல்லை.

ஆனால் வேறொரு வாள் இன்னும் வீடு திரும்பவில்லை. பதினான்காம் நூற்றாண்டை ஒட்டிக் காமகுராவில் வாழ்ந்த மசமுனே எல்லாக் கொல்லரிலும் உயர்ந்தவராக மதிக்கப்படுபவர். அவர் செய்ததாக ஏற்றுக்கொள்ளப்பட்ட 'ஹொன்ஜோ மசமுனே' தொகுகாவா ஷோகன்களின் குடும்பச் சொத்தாகத் தலைமுறைகள் கடந்து வந்தது. 1939இல் தேசியப் பொக்கிஷமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1945 டிசம்பரில் அக்குடும்பத்தார் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து ஏனைய வாள்களோடு அதனையும் டோக்கியோவின் மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்தனர். அடுத்த மாதம் அவை படையினர் ஒருவரிடம் கையளிக்கப்பட்டன. அத்தோடு தடயம் முடிகிறது. எங்கோ ஒரு நாட்டில், எவரோ ஒருவரின் வீட்டு மேல்மாடியில் அது கிடக்கலாம். முற்காலத்தில் நீளம் குறைக்கப்பட்டதனால் அதன் அடித்தண்டிலும் பெயர் கிடையாது. நீளம் 65 சென்ரிமீற்றர் அளவு என்பதும், ஹமோனின் போக்கும், தண்டின் துருவும் மட்டுமே அது இன்னதென்று நிரூபிக்கும். அவ்வீட்டார் ஒரு நாள் அதனைக் கண்டெடுத்து, பிடியைக் கழற்றி, உள்ளே இவ்வளவு அழுக்கா என்று உப்புத்தாளை எடுக்காமலிருக்க வேண்டும்.